புரட்டாசியில் இறக்கிய சாமான்கள்

செப்டம்பர் 28, 2019, சனி – மன்னார்குடி, வேதாரண்யம்

மன்னார்குடி ஸ்டேஷனில் எங்களை ஏற்றிக்கொண்ட வேன் ஓட்டுநர் கேட்ட முதல் கேள்வி: "இன்னைக்கு மாளய அமாவாசைன்னு தெரிஞ்சுதான் கெளம்புனியளா?"

தெரியும். ஆனால் அமாவாசைக்கும் எங்கள் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்பதை அவர்தான் விளக்கினார். ஆடி, தை, மாளய அமாவாசைகளில் வேதாரண்யம் சன்னிதிக் கடலிலும் கோடியக்கரையிலும் முழுக்குப் போட்டுத் தர்ப்பணம் கொடுக்க சுற்றுவட்டாரமே திரண்டு வரும். பெரிய வண்டிகளை ஊருக்குள் விட மாட்டார்கள். நேற்று மதியம் கோவையில் பீரோ, கட்டில், மின்விசிறி, பாத்திரம் எல்லாம் ஏற்றிக் கிளம்பிய லாரி கரியாப்பட்டினம் பக்கம் ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநரும் கிளீனரும் வண்டிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வரை நகராது என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டாராம். அவர்கள் இருவரும் சுகமாக இருந்தார்கள். எங்கள் ஒருங்கிணைப்பாளருக்குத்தான் ரத்தக் கொதிப்பு.

வந்த காரணம் சுருக்கமாக: 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. குடிசைகளும் ஓட்டு வீடுகளும் போயின, தென்னை போயிற்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தொண்டு அமைப்பு 18 கான்கிரீட் வீடுகளைக் கட்டி முடித்திருக்கிறது. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே உள்ளவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. வெறும் நான்கு சுவரில் யாரும் குடியிருக்க முடியாதே, உள்ளே வேண்டியதை வாங்கிப் பொருத்திக் கொடுப்பது கோவையிலிருந்து போன எங்கள் வேலை. குழுவில் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர், இன்ஜினியரிங் படிக்கும் பையன்கள், ஒரு தம்பதி, கணக்கு எழுதுகிறவள் என்று நான். அக்டோபர் 2 அன்று சாவி கொடுக்கும் விழா. தேதி குறித்தவர்கள் காலண்டரில் காந்தி ஜெயந்தி விடுமுறையைப் பார்த்தார்கள். அதே தாளில் கீழே சின்ன எழுத்தில் புரட்டாசி என்று போட்டிருந்ததைப் பார்க்கவில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

திருத்துறைப்பூண்டி தாண்டியதும் தோப்புகள் தெரிய ஆரம்பித்தன. தோப்பு என்று இப்போதும் சொல்கிறார்கள், ஆனால் பாதி மரங்களுக்குத் தலை இல்லை. விழுந்த மரங்களைத் துண்டு போட்டு வரப்போரம் அடுக்கியது அப்படியே கிடக்கிறது. மட்கிய தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அது போய்த் தப்பித்த மரத்தின் குருத்தைத் துளைக்கும். "அப்புறப்படுத்தணும்னுதான் சொல்றாங்க, வெட்டுக்கூலி யாரு குடுக்குறது?" என்றார் ஓட்டுநர். பனைமரங்கள் மட்டும் பெரும்பாலும் நின்றுவிட்டன.

தங்குவதற்குக் கல்யாண மண்டபம். புரட்டாசியில் அவ்வளவாக முகூர்த்தம் இல்லாததால் நாள் வாடகை 3,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தார்கள். மதியம் மெஸ்ஸில் வாழைக்காய் வறுவல், பாகற்காய் புளிக்குழம்பு, பாயசம், 70 ரூபாய். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தும் மீன் இல்லையா என்று பையன்கள் முகம் சுளித்தார்கள். அமாவாசையும் புரட்டாசிச் சனிக்கிழமையும் சேர்ந்து வந்த நாளில் மீன் கேட்டால் மெஸ்காரம்மா என்ன செய்வார்? இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

லாரி ராத்திரி எட்டரைக்கு வந்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு – கிராமம்

லாரி வீடுகள் வரை போகவில்லை. வாய்க்கால் பாலம் தாங்காது என்று ஊர்க்காரர்கள் தடுத்துவிட்டார்கள். குட்டியானை வண்டி பிடித்து நடைக்கு 400 ரூபாய் என்று பேசி மாற்றி ஏற்றினோம். முதல் நடை முடிந்ததும் ஓட்டுநர், பீரோ என்று முதலில் சொல்லவில்லையே என்று 600 ஆக்கிவிட்டார். வெயில் காலை ஒன்பதுக்கே உடம்பைப் பிழிந்தது. காற்றில் உப்பு. உதட்டை நக்கினால் தெரிகிறது.

வீடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. தரையிலிருந்து மூன்றடி உயர்த்திய அடித்தளம், ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை, பின்னால் கழிப்பறை. திண்ணை இல்லை. சாயங்காலம் எங்கே உட்காருவார்கள் என்று வரைபடம் போட்டவர் நினைத்துப் பார்க்கவில்லை போல.

முதல் பீரோவை நான்கு பேர் சுமந்து படியேற்றி உள்ளே வைத்ததும், அந்த வீட்டுக்காரம்மா அதைத் திறந்து பார்க்கவில்லை. குனிந்து அதன் காலைப் பார்த்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர், ஐம்பது வயதிருக்கும். "இரும்பா?" என்றார்.

"ஆமாங்க, நல்ல கேஜ் தகடு" என்றார் வங்கி ஐயா.

"நல்ல தகடுதான் ஐயா. இங்க இரும்பு நாலு மழை தாங்காது. எங்க அக்காவுக்கு நாகப்பட்டினத்துல சுனாமி குடியிருப்புல வீடு. அப்ப குடுத்த பீரோவுக்கு இப்ப அடி கெடையாது. செங்கல்ல நிக்குது."

வேறு என்ன கொடுத்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. மூடி வைத்து இரும்பு வளையம் போட்டு இறுக்குகிற நீல டிரம் இருக்கிறதே, அதில் இரண்டு. ஒன்று அரிசிக்கு. இன்னொன்று ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிக்கூட சர்டிபிகேட், புதுத்துணிக்கு. கஜா அன்றைக்கு முகாமுக்குப் போகும்போது தாள்களைத் தகரப்பெட்டியில் வைத்துவிட்டுப் போனாராம். திரும்பி வந்தபோது பெட்டி இருந்தது, மூடி இல்லை. மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் நகலுக்கு அலைந்த கதையை அவர் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. இதையெல்லாம் கேட்டுவிட்டு அல்லவா பட்டியல் போட்டிருக்க வேண்டும்? கோவையில் ஏசி அறையில் உட்கார்ந்து போட்ட பட்டியலில் பீரோ முதல் வரியில் இருந்தது, ஏனென்றால் எங்கள் ஊரில் பொண்ணு கல்யாணம் என்றாலும் புது வீடு என்றாலும் முதல் வரி அதுதான்.

பீரோவைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை. ஊர்த் தச்சர் ஒருவர் யோசனை சொன்னார்: காலுக்கும் அடித்தகட்டுக்கும் ரெட் ஆக்சைடு இரண்டு கோட், மேலே எனாமல், அதைத் தூக்கித் தென்னஞ்சட்டத்தில் அரையடி மணை செய்து வைத்தால் கொஞ்ச வருஷம் ஓட்டலாம். முற்றிய தென்னந்தண்டின் வெளிப்பக்கம் கல்லாக இருக்கும். மட்காமல் கொட்டகைக்குள் எடுத்து வைத்த தண்டுகள் அவரிடம் கிடந்தன. கூலி நாளுக்கு 700. இந்தப் பயணத்தில் நாங்கள் செய்த உருப்படியான செலவு அதுதான் என்று நினைக்கிறேன்.

மதியம் சாப்பாடு யார் வீட்டில் என்று அங்கே ஒரு சண்டையே நடந்தது. நாங்கள் மண்டபத்திலிருந்து தயிர்சாதப் பொட்டலம் கொண்டு போயிருந்தோம். "அத மாட்டுக்குப் போடுங்க" என்று ஒரு ஆயா பிடுங்கி வைத்துவிட்டார். தார்ப்பாய்க் கொட்டகைக்கு வெளியே மூன்று கல் கூட்டிய அடுப்பில் கொதித்தது மத்திக் குழம்பு. மாங்காய் போட்டது. நேற்று முகம் சுளித்த பையன்கள் மூன்று முறை சோறு வாங்கினார்கள். சாப்பிடும்போது அந்த ஆயா இரண்டு தடவை சொன்னார்: "இளநி வெட்டித் தர முடியல. மரம் இல்ல." அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தத்தைவிடக் கூச்சம்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காத மாதிரி.

செப்டம்பர் 30, திங்கள் – கொக்கி, கதவு, மழை

நேற்றே தெரிந்தது, இன்று உறுதியானது: 18 கட்டிலுக்கு எண்ணி அனுப்பிய போல்ட் நட்டில் பாதி வரவில்லை. வேதாரண்யம் கடைத்தெருவுக்கு ஆட்டோ. போக 80, வர 150, ஒரே ஆட்டோ, ஒரே ஆள். ஏன் என்றால் "வரும்போது காத்து எதிர்ல" என்கிறார். இந்தப் பதிலுக்காகவே கொடுத்துவிட்டேன். ஹார்டுவேர் கடைக்காரர் எந்த ஊருக்கு, எத்தனை வீடு, யார் யாருக்கு என்றெல்லாம் விசாரித்துவிட்டு விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஆனால் எண்ணிப் போட்டதற்கு மேல் கைநிறைய வாஷர் அள்ளிப் போட்டு, "இது இல்லாம பூட்டுனா கட்டில் ஆடும்" என்றார். பட்டியலில் வாஷரே இல்லை.

கட்டிலைப் பூட்டி முடித்த வீடுகளில் அதன் மேல் யாரும் படுக்கவில்லை. மடித்த பாய், தலையணை, குழந்தையின் புத்தகப்பை எல்லாம் அதன் மேல் ஏறின. வயதானவர்கள் இருந்த வீடுகளில் மட்டும் மரியாதை கிடைத்தது. ஒரு தாத்தா கட்டிலை வெளியே வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போகச் சொல்லி அங்கேயே சாய்ந்துகொண்டார். காற்று அங்கேதான் வருகிறது.

அடுத்து தூளி. கைக்குழந்தையோடு ஒரு பெண், இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது, எலக்ட்ரீஷியன் அண்ணன் கூடத்தில் மின்விசிறி மாட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் என்னிடம் வந்து, "அக்கா, ஃபேன் வேணாம்னு சொன்னா அந்தக் கொக்கிய அப்படியே விட்டுடுவாங்களா?" என்று கேட்டது. எதற்கு என்றால், தூளி கட்ட. கூடத்தில் ஒரே ஒரு கொக்கி. தார்ப்பாய்க் கொட்டகையில்கூட மூங்கில் விட்டத்தில் தூளி தொங்குகிறது. கான்கிரீட் வீட்டில் விட்டமே இல்லையே, பிள்ளையை எங்கே போடுவது?

அண்ணன் ஏணியை விட்டு இறங்கி, டிரில்லரில் பெரிய பிட் மாட்டி, அறையின் மேல்தளத்தில் துளை போட்டு ஆங்கர் போல்ட் இறுக்கி ஒரு வளையம் பொருத்தினார். பிறகு அதில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார். எண்பது கிலோ ஆள். செய்தி பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குழந்தை இருக்கும் வீடு, பிறக்கப் போகும் வீடு, மகள் பிரசவத்துக்கு வரப்போகும் வீடு என்று மதியத்துக்குள் 11 வீடுகளில் வளையம் கேட்டுவிட்டார்கள். இருந்த ஆங்கர் போல்ட் ஆறு. மீண்டும் அதே ஆட்டோ, அதே எதிர்க்காற்று.

நாலு மணிக்கு மேற்கே கருத்து, இடி இடித்து ஒரு மணி நேரம் கொட்டியது. கரண்ட் போயிற்று. மழை நின்ற பிறகு பார்த்தால் நான்கு வீடுகளின் முன்கதவு திறக்கவில்லை. நாட்டு மரம், ஈரம் குடித்து உப்பிவிட்டது. வேதாரண்யம் கோயிலில் வேதங்கள் பூசித்து மூடிவைத்த கதவைத் திறக்க அப்பர் பாடினார், மூடச் சம்பந்தர் பாடினார் என்பது இந்த ஊர் வரலாறு. அப்பருக்குக் கதவு சட்டென்று திறக்கவில்லை, நிறையப் பாடல்கள் பாட வேண்டியிருந்தது. வங்கி ஐயா கோவையில் தேவார வகுப்புக்குப் போகிறவர். வாசற்படியில் நின்று உணர்ச்சியோடு அந்தப் பதிகத்தை எடுத்துவிட்டார். மூன்றாவது பாட்டில் தச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். "இருங்க ஐயா, இழைப்புளி கொண்டாந்திருக்கேன்."

இன்னொன்றும் இன்று நடந்தது. காலையிலிருந்தே ஒரு பெண்மணி தெருமுனையில் நின்று சாமான் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கு முன்னால் நேராக வந்து சத்தம் போட்டார். அவர் குடிசையும் விழுந்ததுதான், ஆனால் இருக்கும் இடத்துக்குப் பட்டா இல்லை, அதனால் பட்டியலில் பேர் இல்லை. "நாங்க நனைஞ்சா தண்ணி ஒட்டாதா?" என்று கேட்டார். ஒருங்கிணைப்பாளர் விதிமுறை சொல்ல ஆரம்பித்தார். புறம்போக்கில் இருப்பவருக்கு நிரந்தர வீடு கட்ட முடியாது, நாளைக்கு இடித்துவிட்டால் யார் பொறுப்பு என்று. அவர் சொன்னது சரிதான். அந்தச் சமயத்தில் அதைச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் அந்த அம்மா கேட்டது லாரி மூடிவந்த தார்ப்பாயை. அது ஓனருடையது என்று லாரிக்காரர் கைவிரித்துவிட்டார். கடையில் புதிதாக ஒன்று 1,400 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார், நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அக்டோபர் 1, செவ்வாய் – பால் காய்ச்சும் பிரச்சினை

காலை ஏழு மணிக்கு மாரியம்மன் கோயில் மரத்தடியில் கூட்டம். விழாவில் சாவி வாங்கியதும் 18 வீட்டிலும் ஒரே நேரத்தில் பால் காய்ச்ச வேண்டும், அதைப் படம் எடுத்து நன்கொடையாளர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது அமைப்பின் திட்டம். புதுப் பால் பானை 18 லாரியில் வந்திருந்தது.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு முந்தாநாள் மத்திக் குழம்பு ஊற்றிய ஆயா சொன்னார்: "புரட்டாசில யாரு தம்பி பால் காச்சுவா?"

ஆடி, புரட்டாசி, மார்கழியில் புது வீடு புகுவதில்லை. ஒருங்கிணைப்பாளர் பாவம், பகுத்தறிவு பேசிப் பார்த்தார், மழைக்காலம் வருகிறது என்று பயமுறுத்திப் பார்த்தார், முக்கிய விருந்தினர் வருகிறார் என்று கெஞ்சிப் பார்த்தார். ஆயா எதற்கும் குரலை உயர்த்தவில்லை. "பதினொரு மாசமா தார்ப்பாயில கெடக்குறோம். இன்னும் பதினேழு நாள் கெடந்தா ஒண்ணும் ஆயிடாது. ஐப்பசி பொறக்கட்டும்." ஒரு வீட்டை முழுதாக இழந்தவர் அடுத்த வீட்டுக்குள் நல்ல நாள் பார்த்துக் கால் வைக்க நினைப்பதில் எனக்கு மூடநம்பிக்கை எதுவும் தெரியவில்லை. புயல் நாள் பார்த்து வரவில்லை, இதையாவது பார்த்துச் செய்வோமே என்கிறார்கள்.

ஆனால் கூட்டத்தில் ஒரு வேடிக்கையும் வெளிப்பட்டது. தூளி வளையம் கேட்ட அந்தப் பெண் நேற்று ராத்திரி மழையில் குழந்தையோடு புது வீட்டிலேயே படுத்துவிட்டதாம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆயாதான் அதற்கும் தீர்ப்புச் சொன்னார். "அது குடி போகல. மழைக்கு ஒதுங்கிருக்கு." அத்தோடு சரி. அடுப்பு பற்ற வைக்கவில்லை, விளக்கு ஏற்றவில்லை, உப்பும் மஞ்சளும் உள்ளே போகவில்லை. ஆக சட்டப்படி ஒதுங்கல்தான். மதியத்துக்குள் இன்னும் நான்கு குடும்பங்கள் ஒதுங்கிவிட்டன.

சாயங்காலம் வேலை முடிந்து அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்கு அந்த நீல டிரம் அம்மாவோடு போனோம். ஜனவரியில் தொடங்குகிற பருவம் இது முடியும் நேரம். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மறு ஆண்டு வரை வேலை இல்லை. கரையோரம் அம்பாரமாக உப்பு, மழைக்குப் பனையோலை வேய்ந்து மூடியிருக்கிறார்கள். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. அந்த அம்மாவுக்கு இடது கண் பார்வை மங்கல், அதை ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் பக்கத்தில்தான் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பிய தொண்டர்கள் நடந்து வந்து, ஏப்ரல் 30 அன்று இங்கே உப்பெடுத்தார்கள். வழியில் அவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ சிறை என்று அன்றைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். நேரில் கொடுத்தால்தானே குற்றம்? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்களாம். எங்கள் தயிர்சாதத்தைப் பிடுங்கி வைத்த ஊர் எந்தப் பரம்பரை என்று இப்போது புரிந்தது.

இருட்டியதும் கோயில். மன்னார்குடி மதிலழகு, திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். அணையப் போன விளக்கின் திரியைத் தெரியாமல் தூண்டிவிட்ட எலி அடுத்த பிறவியில் மகாபலியாகப் பிறந்தது என்பது தலபுராணம். நாங்கள் போன நேரம் கரண்ட் இல்லை. விளக்கழகைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

அக்டோபர் 2, புதன் – விழா

பத்து மணி விழா பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கியது. ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாம் வீடுகளுக்கு வந்தவைதான். விருந்தினர் காந்தியையும் உப்பையும் பற்றிப் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உப்பளத் தொழிலாளிகளுக்கு உப்பின் அருமையை விளக்கினார். பேச்சு நீளம். குழந்தைகளுக்குக் கொடுத்த மிக்சர் அளவு குறைவு.

சாவி வாங்கியதும் போட்டோகிராபர் பால் எங்கே என்று கேட்டார். ஒருங்கிணைப்பாளர் ஆயாவைப் பார்த்தார். ஆயா கொஞ்சம் மனமிரங்கி, "பால் காச்சமாட்டோம். டீ போட்டுத் தரோம்" என்றார். வீட்டுக்கு வெளியே, மூன்று கல் அடுப்பில், தென்னை மட்டை எரிய, வந்த புதுப் பானைகளில் ஒன்றில் பால் ஏறியது. பொங்கி வரும் சரியான நொடியில் போட்டோகிராபர் எடுத்துவிட்டார். அடுத்த நொடியில் அதில் டீத்தூளும் இஞ்சியும் விழுந்தன. ஆண்டறிக்கையில் அந்தப் படத்துக்கு என்ன தலைப்பு வரும் என்று எங்களுக்குத் தெரியும். டீ அருமையாக இருந்தது. கடைத்தெருவில் பத்து ரூபாய்க்குக் குடித்த எந்த டீயும் அதன் பக்கத்தில் வராது.

சாவி வாங்கிய சிலர் பூட்டைத் திறக்கவே இல்லை. இடுப்பில் செருகிக்கொண்டு தார்ப்பாய்க் கொட்டகைக்கே திரும்பிவிட்டார்கள். ஒதுங்கியவர்கள் மட்டும் உள்ளே போனார்கள்.

கிளம்பும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்று. கருவாடு, ஒரு பை கல்லுப்பு, தேத்தாக்குடியிலிருந்து வந்த முல்லைச் சரம். வேன் முழுக்கக் கருவாடும் முல்லையும் கலந்த வாசம். அதை விவரிக்க எனக்குத் திறமை போதாது. தம்பதியில் கணவர் மன்னார்குடி வரை ஜன்னலுக்கு வெளியே தலையை வைத்துக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 24, வியாழன் – கோவை

டிரம் அம்மா போன் செய்தார். ஐப்பசி முதல் வாரத்திலேயே 13 வீடுகளில் பால் காய்ச்சிவிட்டார்களாம். மற்றவர்கள் தீபாவளி கழித்து. மழை பிடித்துவிட்டது. இரண்டு வீடுகளில் ஜன்னல் வழியே சாரல் அடிக்கிறது, மேலே தகரமோ ஓலையோ சாய்த்துக் கட்ட வேண்டும். தச்சர் தென்னஞ்சட்டத்தில் பெஞ்சு செய்து மூன்று வாசலில் போட்டிருக்கிறார், ஒன்று 900 ரூபாய். திண்ணை இல்லாத குறைக்கு அது போதுமாம், மற்ற வீடுகளிலும் கேட்கிறார்கள். பட்டா இல்லாத அந்த அம்மாவின் மனு தாலுகா ஆபீசில் கிடக்கிறது.

டிசம்பரில் இன்னொரு குழு பக்கத்து ஊரில் 24 வீடுகளுக்குப் போகிறது. ஒருங்கிணைப்பாளர் புதுப் பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தார். முதல் வரி மறுபடியும் பீரோ. அடித்துவிட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன்: மூடி வளையத்தோடு நீல டிரம் 48, ஆங்கர் போல்ட் 50, வாஷர் இரண்டு கிலோ, வாசல் பெஞ்சு 24, கட்டில் கேட்பவர்களுக்கு மட்டும். போகும் தேதியை அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டுவிட்டுக் குறிக்கவும். டிசம்பர் பாதியில் மார்கழி பிறந்துவிடும்.